கேஸ் எங்கே போச்சு?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், இலுப்பூரில் என் பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை ஒரே கோரிக்கையோடுதான் வரும். "அண்ணே, கூலிங் இல்ல. கேஸ் மட்டும் ஏத்தி விட்டுருங்க, திருச்சிக்கு அவசரமாப் போகணும்."

"ஏற்கெனவே இருந்த கேஸ் எங்கே போச்சு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் விழிப்பார்கள். வண்டி ஓட ஓட பெட்ரோல் தீர்கிறது, கேஸும் அப்படித்தான் தீரும் என்று நம்பியிருக்கிறார்கள். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷத்துக்குக் கொஞ்சம் கசியலாம். ஆனால் போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடைக்குள் காலியாகிவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மறுபடி ஏற்றினால் வாடிக்கையாளரின் பணம் காற்றோடு போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கூலிங் இல்லை என்று வரும் வண்டிகள் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும். கோளாறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வண்டியில் கை வைக்க வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்றதன் சாரம்.

தொழில் பழகியது திருச்சியில் ஒரு பட்டறையில். அப்போது வந்ததெல்லாம் அம்பாசிடர், ஃபியட், மாருதி 800. பல வண்டிகளில் ஏசி கம்பெனியிலிருந்து வந்திருக்காது. பிறகு வாங்கி மாட்டியிருப்பார்கள். கேஸ் என்றால் ஆர்-12. கேஜ் பிடிக்கவே எங்களை விடமாட்டார் மாஸ்டர். "முதல்ல பைப்பத் தொட்டுப் பழகுடா" என்பார். தடித்த பைப் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய பைப் சுட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் உள்ளே ஓட்டம் இல்லை.

அவர் பாடம் சொன்ன விதம் இன்றும் காதில் இருக்கிறது. "ஏசி குளிரை உண்டாக்குறதில்ல. உள்ள இருக்குற சூட்டை மொண்டு வெளிய ஊத்துது." கிணற்று வாளி அடியில் போய் மொண்டு மேலே வந்து கொட்டுவது போலத்தான் கேஸும் வேலை செய்கிறது. இன்று பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவமாக நுழைந்து, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அதை இழுத்து அழுத்துகிறது. முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. டிரையர் ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு அளவாகத் திறந்து காயிலுக்குள் அனுப்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடம் தடைபட்டாலும் சூடு உள்ளேயே நின்றுவிடும். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாக் கோளாறும் 'கூலிங் இல்லை' என்றுதான் தெரியும்.

அதனால் வண்டி வந்ததும் நான் பேனட்டைத் திறப்பதில்லை, ஓட்டுகிறவரிடம் பேசுகிறேன். ஓடும்போது கூலிங் இருந்து, நின்றால் போய்விடுகிறதா? காலையில் நன்றாக இருந்து மத்தியானம் காலை வாருகிறதா? காற்று வேகமாக வருகிறதா, காற்றே குறைவா? கொஞ்ச நாளுக்கு முன் முன்பக்கம் ஏதாவது இடித்ததா? வேறு யாராவது கை வைத்தார்களா? இந்தப் பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஓடும்போது கூலிங் இருந்து சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால், கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றே குறைவென்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். முதலில் நன்றாக வந்து, போகப் போகக் காற்று குறைந்து நின்றேவிடுகிறது என்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கும். குறிப்பிட்ட குளிர் வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை என்று பொருள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னொரு காரணம் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்கும். அது தூசி. இலுப்பூர், விராலிமலை சுற்றுவட்டாரத்தில் கல்குவாரியும் கிரஷரும் நிறைய. ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே கண்ணாடி சாம்பல் பூத்துவிடும். கண்டென்ஸருக்குள்ளும் அதே பொடிதான் போகிறது.

கிரஷர் வைத்திருக்கும் ஒருவர் பெரிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு இடங்களில் இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்ற ஏற்றக் கூலிங் குறைந்துகொண்டே போகிறது என்றார். கேஜை மாட்டினேன். 38 டிகிரி வெயிலில், வண்டி நின்ற நிலையில், அதிக அழுத்தப் பக்கத்தைக் காட்டும் ஹை சைடு முள் 350 பி.எஸ்.ஐ.யைத் தொட்டு நின்றது. அந்த வெயிலுக்கு 225-லிருந்து 275 வரை இருந்தால் போதும். வாளியில் தண்ணீர் எடுத்து, பையனிடம் கண்டென்ஸர் மேல் மெதுவாக ஊற்றச் சொன்னேன். முள் எங்கள் கண் முன்னாலேயே இறங்கி 250-க்கு வந்தது. உள்ளே வென்ட்டில் காற்று சில்லிட்டது. "தண்ணி ஊத்துனா கூலிங் வருதே" என்று அவர் ஆச்சரியப்பட்டார். சூட்டைக் கொட்டும் இடம்தான் அடைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் சுத்தமாகத்தான் இருந்தது. பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் கண்டென்ஸருக்கும் நடுவில் டார்ச் அடித்தபோது, போர்வை போர்த்தியது போல ஒரு படலம். கல்பொடியும் பூச்சி இறகும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகியிருந்தது. இதைக் கழுவ வாட்டர் சர்வீஸ் பிரஷரை வைக்கக் கூடாது. தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைத்துக்கொள்ளும். சாதாரண ஹோஸில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டோம். சிமென்ட் கரைத்தது போல் சாம்பல் நிறத்தில் ஓடி, வெகுநேரம் கழித்துத்தான் தெளிந்தது. பிறகு உள்ளே இருந்த கேஸை மெஷினில் இழுத்து எடை பார்த்தால், பேனட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவைவிட அதிகம். முன்பு ஏற்றியவர்கள் குறைச்சலுக்கு வைத்தியம் என்று நினைத்துச் சுமையைக் கூட்டியிருக்கிறார்கள். சரியான எடைக்கு ஏற்றி அனுப்பினேன்.

கேஸை எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350-லிருந்து 500 கிராமுக்குள் இருக்கும். பின்பக்கமும் ஏசி உள்ள வண்டிகளுக்கு அதைவிட நிறையப் பிடிக்கும். ஐம்பது கிராம் வித்தியாசமே சின்னக் காரில் தெரியும். வண்டியை ஆஃப் செய்துவிட்டு கேஜைப் பார்த்து, "பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. ஆஃப் செய்த நிலையில் கேஜ் காட்டுவது அன்றைய வெயிலைத்தான். 35 டிகிரியில் ஏறக்குறைய 114 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே நூறு கிராம் திரவம் இருந்தாலும், நானூறு இருந்தாலும் அதே எண்தான். அளவு தெரிய வேண்டுமென்றால் தராசு வேண்டும்.

வண்டி ஓடும்போது கேஜ் பேசும் பேச்சு வேறு. லோ, ஹை இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகமென்றால் கண்டென்ஸர் அடைப்பு, ஃபேன் கோளாறு, அதிகக் கேஸ் அல்லது உள்ளே காற்று. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் நின்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. லோ முள் பூஜ்யத்துக்குக் கீழே வேக்கத்துக்குப் போனால் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. கொஞ்ச நேரம் ஓடியதும் அடைத்து, நிறுத்தி வைத்தால் தானே சரியாகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. வால்வின் வாயில் அது ஐஸாக உறைந்து அடைக்கிறது, நின்றதும் உருகுகிறது. இதனால்தான் கேஸ் ஏற்றுமுன் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கிறோம். அந்தக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். வேக்கத்தைச் சுருக்கிவிட்டால் மிஞ்சிய ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸரை உள்ளிருந்தே அரிக்கும்.

லீக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பொறுமையைக் கேட்கும் வேலை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், லீக் இருக்கும் இடத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். பிறகு நைட்ரஜன் ஏற்றி ஜாயிண்டுக்கு ஜாயிண்டு சோப்பு நுரை. கேஸ் ஏற்றும் வாயில் இருக்கும் சின்ன வால்வு பின்னில்கூட லீக் வரும். அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூசிக்கு என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். அந்த மூடியும் ஒரு சீல்தான்.

அன்னவாசல் பக்கம் வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் சின்னக் கார், ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. நுரை வைத்துப் பார்த்ததில் வெளியே ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் நைட்ரஜன் முள் ராத்திரிக்குள் இறங்கியிருந்தது. இனி மிச்சமிருப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான். கொஞ்சம் கேஸ் விட்டு, ப்ளோயரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி மூடி வைத்தோம். ஆர்-134ஏ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். வண்டிக்கு அடியில் காயில் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் டிடெக்டரைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கி, பிறகு விடாமல் கத்தியது. டேஷ்போர்டைப் பிரித்துக் காயிலை வெளியே எடுத்தபோது, அடிப்பக்கம் ஈரக் குப்பை அடைந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்திருந்தது.

"இவ்வளவு செலவா தம்பி? கேஸ்னா கொஞ்சத்துல முடிஞ்சிடுமே" என்றார்கள் டீச்சர். பழைய காயிலை அவர்கள் கையில் கொடுத்தேன். புளியிலையும் வேப்பம்பூவும் மட்கி ஒட்டியிருந்ததைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் கார் நிற்பது புளியமர நிழலில். வைப்பருக்குக் கீழே இருக்கும் துவாரம் வழியாகத்தான் ப்ளோயர் வெளிக்காற்றை இழுக்கும். பொடிப்பொடியான புளியிலைக்கு அது திறந்த வாசல். அந்த வண்டியில் கேபின் ஃபில்டரும் இல்லை. புதுக் காயிலோடு ஃபில்டரும் போட்டு, வைப்பர் பள்ளத்தை வாரம் ஒருமுறை கையால் துடைக்கச் சொன்னேன். செலவுக்கான காரணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு பேரம் பேசுவதில்லை.

கரண்ட் கோளாறு வேறு வகை. கால் டாக்சி ஓட்டும் ஒரு டிரைவர் திருச்சி ஏர்போர்ட்டுக்குச் சவாரி போவார். போகும்போது ஜில்லென்று இருக்கும்; ஏர்போர்ட்டில் காத்திருக்கும்போது கூலிங் போய்விடும்; எஞ்சின் ஆறினால் திரும்ப வரும். கேஜில் எல்லாம் சரி. அவருக்கு கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் வண்டியை வெயிலில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். கூலிங் போன நேரத்தில் கம்ப்ரஸர் கிளட்சுக்கு 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஆனால் கிளட்ச் பிளேட் ஒட்டவில்லை. ஒரு மரக்கட்டையால் லேசாகத் தள்ளியதும் டக்கென்று பிடித்துக்கொண்டது. தேய்ந்து தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கிறது. கிளட்சின் காந்தக் காயில் சூடானால் அதன் வலு குறையும். அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. அங்கே இருக்க வேண்டியது அரை மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே இருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்ததும் வேலை முடிந்தது. கம்ப்ரஸரின் விலையோடு ஒப்பிட்டால் நான் வாங்கிய கூலி ஒன்றுமில்லை. அந்த டிரைவரைப் போன்றவர்களுக்கு வண்டி நின்றால் அடுப்பு எரியாது. சரியாகக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு நாங்கள் செய்யும் நேரடி உதவி.

ஹீட்டரைப் பற்றி நம் ஊரில் யாரும் நினைப்பதே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கார் ஹீட்டர் எதற்கு என்பார்கள். ஆனால் ஏசி கோளாறில் ஹீட்டருக்கும் பங்கு உண்டு. எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் கோர், டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சூட்டையும் குளிரையும் பிரிக்கும் ஃபிளாப் முழுதாக மூடாவிட்டால், காயில் குளிர்வித்த காற்றை ஹீட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும். கேஜில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் வென்ட்டில் வெதுவெதுப்பாக வந்தால் ஃபயர்வாலுக்குப் போகும் ஹீட்டர் ஹோஸைக் கொஞ்ச நேரம் கவ்வி மூடிப் பார்ப்பேன். காற்று குளிர்ந்தால் குற்றவாளி ஃபிளாப்பின் கேபிளோ மோட்டாரோதான்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் கிளம்புகிறவர்களிடம் ஹீட்டரை முன்னதாகவே போட்டுப் பார்க்கச் சொல்வேன். மலையில் கண்ணாடி பனித்தால் ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும். ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். பனி சீக்கிரம் விலகிவிடும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு, ஒன்று ஆறியிருந்தால் கோர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு படிந்து அந்தச் சின்னக் குழாய்கள்தான் முதலில் மூடிக்கொள்ளும். இடப்பக்கக் கால்மிதி நனைந்திருந்தால் அது ஏசி தண்ணீரா, ஹீட்டர் தண்ணீரா என்று விரலில் தொட்டுப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் வடிகால் குழாய் அடைப்பு. நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. எஞ்சின் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

தொழிலில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையைக் கலந்து ஏற்றுவது. கூலிங் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆர்-134ஏ-க்காகச் செய்த கார் அது. டேஷ்போர்டுக்குள் லீக் ஆனால் குடும்பம் உட்கார்ந்திருக்கும் மூடிய இடத்தில் எரியும் கேஸ் தேங்கும். ஒரு பொறி போதும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இருக்கிற கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் என்று விஞ்ஞானிகள் மோலினாவும் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். அத்தகைய கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் 1992-ல் சேர்ந்தது. எங்கள் பட்டறையில் சிலிண்டர், ஆயில், ஹோஸ் வாய் எல்லாம் மாறியது அதனால்தான். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்னக் கார் ஒன்றின் 400 கிராமைத் திறந்துவிட்டால் 570 கிலோவுக்கு மேல் ஆகிறது. இந்த வகைக் கேஸ்களையும் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு ஆனது. ரெக்கவரி மெஷின் விலை அதிகம்தான். வாங்கிய பிறகு எத்தனையோ கிலோ கேஸை மீட்டுச் சுத்தம் செய்து திரும்ப உபயோகித்திருக்கிறேன். நம் வெயிலை நாமே கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். குளிர ஆரம்பித்ததும் உள்காற்று சுற்றும் பட்டனைப் போடுங்கள். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிஷமாவது ஏசி ஓடட்டும். ஆயில் சுற்றினால்தான் சீல்கள் காயாமல் இருக்கும். கேபின் ஃபில்டரைக் கோடைக்கு முன் மாற்றுங்கள். மெக்கானிக்கிடம் என்ன கோளாறு, எங்கே லீக், எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். நான் பில்லிலேயே முன்னும் பின்னும் இருந்த பிரஷரையும் எடையையும் எழுதித் தருகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இனி வேலை கூடத்தான் போகிறது. எலெக்ட்ரிக் காரில் கம்ப்ரஸர் உயர்ந்த வோல்டேஜில் ஓடுகிறது, ஆயில்கூட வேறு, படிக்காமல் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடக் கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. குவாரிச் சாலையில் வெந்துகொண்டே ஸ்டியரிங் பிடித்த டிப்பர் டிரைவர்களுக்கு இது காலம் கடந்து கிடைக்கும் நியாயம். அந்த லாரிகளின் கண்டென்ஸரில்தான் ஊரிலேயே அதிகத் தூசி ஏறப்போகிறது. அவர்களும் என் பட்டறைக்கு வந்து கேஸ் ஏற்றச் சொல்வார்கள். என் பையன்கள் சிலிண்டரைத் திறக்குமுன் தண்ணீர் ஹோஸை எடுக்க வேண்டும். அதைத்தான் தினமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.